திருநீற்றுப் பொட்டலத்தில் போன வாக்குமூலம்

நான் ஒன்பதாவது வரை படித்தவன். அதையும் இரண்டு வருஷம் படித்ததால் பத்தாவது என்று சொல்லிக்கொண்டாலும் பெரிய பொய் இல்லை. இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, நீலகிரியில் ஒரு சின்ன பஜாரில், போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை நடத்தினேன். பஜாரின் பேரைச் சொல்லப் போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

தேயிலை விலை விழுந்து, மலையே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த காலம் அது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று தோட்டத்தைக் காடாக விட்டவர்கள் உண்டு. செடியைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டவர்கள் உண்டு. ஊரில் எல்லாத் தொழிலும் படுத்துவிட்டது, என் தொழில் ஒன்றுதான் எழுந்து நின்றது. சொன்னால் பாவம், ஆனாலும் உண்மை. இலைக்கு விலை கிடைக்காதவன் மனு எழுதுவான். மனுவுக்கு மூன்று காப்பி எடுப்பான். கலெக்டருக்கு ஒன்று, தேயிலை வாரியத்துக்கு ஒன்று, இரண்டு பேரும் கண்டுகொள்ளாவிட்டால் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைக்க ஒன்று.

ஊர் வயிறு காய்கிறபோது முருகன் நமக்கு மட்டும் படியளக்கிறானே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. பதிலுக்கு அவனுக்கு ஏதாவது செய்யலாம் என்றால் கையில் இருந்தது வேஸ்ட் பேப்பர்தான். கோணலாக விழுந்த காப்பி, கறுத்து விழுந்த காப்பி, பாதியில் கரண்ட் போய்ப் பாதியாக வந்த காப்பி. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். வீட்டுக்காரி அதை எட்டாகக் கிழித்து, கிருத்திகைதோறும் திருநீறு மடித்து மேட்டுக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பாள். எழுத்து உள்ளே, வெள்ளை வெளியே. அப்போதுதான் பிரசாதம் மாதிரி இருக்குமாம். எழுத்து திருநீற்றில் படுகிறதே என்று ஒரு தடவை கேட்டேன்.

"எழுத்து சரஸ்வதிதானுங்க. முருகன் பிரம்மாவைத்தான் ஜெயில்ல வெச்சாரு, சரஸ்வதியை ஒண்ணும் பண்ணலீங்களே" என்றாள்.

அதற்குமேல் பேச எனக்குப் படிப்பு பத்தாது.

எதிரே ஸ்டேஷனிலும் ஒரு ஜெராக்ஸ் மெஷின் இருந்தது. வந்த நாளில் இருந்து உறை போர்த்திக்கொண்டு, லீவில் இருக்கும் பெரிய அதிகாரி மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தது. அதனால் கோர்ட்டுக்கும் மேலிடத்துக்கும் போகிற காகிதங்களை ஏட்டய்யா என் கடைக்குத்தான் எடுத்துவருவார். பொள்ளாச்சிப் பக்கத்து மனிதர், நல்ல தொப்பை, அதைவிட நல்ல மனசு. நான் காப்பி எடுக்கும்போது பக்கத்திலேயே நிற்பார். எத்தனை காப்பி என்று எண்ணுவார். கெட்டுப்போன காப்பியைத் தன் கையாலேயே துண்டு துண்டாகக் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு போவார். கேஸ் கட்டு என்பது கட்டிக்கொடுத்த பெண் மாதிரி, வாசலில் நின்று ஊரைப் பார்க்கக் கூடாது என்பார். அவருக்கு மூன்று பெண்கள்.

என் பங்குக்கு நானும் பழனியில் ஒரு பிரார்த்தனை செய்திருந்தேன், கடைக்கு வரும் காகிதம் எதையும் படிப்பதில்லை என்று. இதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. ஜெராக்ஸ் மெஷினில் காகிதத்தைக் குப்புறத்தான் வைக்க வேண்டும். எழுத்து கண்ணாடியைப் பார்த்துப் படுத்திருக்கும், எனக்கு முதுகுதான் தெரியும். ஊர் என்னவோ நம்பவில்லை. ஊரில் யார் யார் மேல் என்னென்ன கேஸ் என்பது எனக்கு மனப்பாடம் என்று நினைத்தார்கள். கல்யாணத்தில் எனக்கு இரண்டாவது தடவை பாயசம் விட்டதற்கு அந்த நினைப்புதான் காரணமே தவிர என் முகராசி இல்லை.

அந்த வருஷம், மூடிக் கிடந்த ஒரு தேயிலைப் பேக்டரியில் இருந்து சாமான் காணாமல் போய்க்கொண்டிருந்தது. முதலில் பித்தளை வால்வு, அப்புறம் செம்புக் கம்பி, கடைசியில் ஆள் உயர மோட்டார் ஒன்று. ஆள் உயர மோட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது, லாரி வேண்டும். எங்கள் பஜாரில் லாரி வைத்திருந்தவர்கள் குறைவு. அதில் ஒருவர் எங்கள் கோயில் கமிட்டித் தலைவர்.

தலைவர் இலை ஏஜென்ட். சின்னத் தோட்டக்காரர்களின் இலையைச் சேகரித்து லாரியில் பேக்டரிக்குக் கொண்டுபோவார். குத்தகைக்கு எடுத்த தோட்டங்களில் ஆள் வைத்துப் பறிப்பதும் அவர்தான். இந்தப் பக்கத்தில் யார் இலை பறிக்கலாம், யார் வீட்டில் உட்காரலாம் என்பது அவர் வாயில் இருந்தது. கோயிலில் முதல் மரியாதை அவருக்கு. முருகனுக்கே இரண்டாவதுதான் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு லாரி எங்கே எங்கே போனது என்று ஒருநாள் விசாரித்தார்கள். உட்கார நாற்காலி கொடுத்துத்தான் விசாரித்தார்கள். ஆனாலும் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே என் கடைக்கு வந்தார். தகவல் உரிமைச் சட்டம் வந்த புதிது அது. பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டினால் அரசாங்கமே சட்டையைக் கழற்றிக் காட்டும் என்று ஊரில் பேச்சு. தலைவர் மனுவை ஊட்டியில் வக்கீலிடம் எழுதி வாங்கி வந்திருந்தார். படிக்க மாட்டேன் என்ற என் பிரார்த்தனை அவரிடம் செல்லவில்லை, அவரே உரக்கப் படித்தார். பேக்டரித் திருட்டு சம்பந்தமாகப் போலீசில் வாக்குமூலம் கொடுத்தவர்கள் யார், என்ன சொன்னார்கள், எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும்.

"எவனோ எம்பேரை எழுதிக் குடுத்திருக்கான். அது மட்டும் தெரியட்டும். அந்த ஆளு இந்த மலையில ஒரு கிலோ இலை பறிக்க முடியாது, பாத்துக்குங்க" என்றார். சத்தம் போடவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்.

சில வாரம் கழித்து ஒரு கிருத்திகை. காலையில் இருந்து பஜாரைப் பனி மூடியிருந்தது. பனி வந்தால் என் மெஷினுக்கு ஜலதோஷம் பிடிக்கும். பேப்பர் ஈரம் உறிஞ்சி உள்ளே சிக்கிக்கொள்ளும். அதற்காகவே பேப்பர்ப் பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு எரியவிட்டு வைத்திருப்பேன், கோழிக்குஞ்சு வளர்க்கிற மாதிரி. அன்றைக்குப் பல்பு பியூஸ். ஏட்டய்யா இரண்டு காகிதம் கொண்டுவந்தார். முதலாவது சரியாக வந்தது. இரண்டாவது உள்ளே மாட்டிக்கொண்டு, நான் மூடியைத் திறந்து இழுத்ததில் குறுக்கே கரி பூசின மாதிரி ஒரு பட்டையோடு வெளியே வந்தது. அதை டிரேயில் போட்டுவிட்டு வேறு எடுத்துக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து எதிரே இருந்து இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். ஏட்டய்யா தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கெட்ட காப்பியைக் கிழிக்க மறந்துவிட்டார்.

நான் சாப்பாட்டுக்குப் போனேன். வீட்டுக்காரி டிரேயைக் காலி செய்துகொண்டு போனாள்.

மூன்று மணி இருக்கும், ஏட்டய்யா திரும்பி வந்தார். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. காலையில் சிக்கிய பேப்பர் எங்கே என்றார். டிரேயைப் பார்த்தேன். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேட்டுக் கோயிலைப் பார்த்தோம். மணி அடித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, அதுல என்னுங்க இருக்குது?" என்று கேட்டேன். பதினோரு வருஷப் பழக்கத்தில் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் ரோட்டை இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார். "லாரியைக் கண்ணால பாத்த ஆளு ஒரே ஆளுதானுங்க. அந்த ஆளோட வாக்குமூலம். பேரு, ஊடு எல்லாம் மேல் மூலையில இருக்குது. எவ்வளவோ நம்பிக்கை சொல்லி வாங்குனது. எம்பேரு வெளிய வராதுங்களேன்னு நாலு தடவை கேட்டுட்டுத்தான் வாயைத் தொறந்தாங்க. இப்ப போயி..."

யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஓடினோம். தொப்பையும் நானும் மேடேறிப் போய்ச் சேர்ந்தபோது குருக்கள் கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். கிருத்திகைக் கூட்டம் நல்ல கூட்டம். நூற்றுச் சொச்சம் பொட்டலம் போய்விட்டது. அரசாங்கம் யாருக்கும் காட்டாமல் கட்டிவைக்கிற காகிதத்தை, நான் முருகன் சன்னிதியில் வரிசையில் நிற்கவைத்து விநியோகம் செய்துவிட்டேன்.

வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இன்றைக்குக் கொடுத்தது அபிஷேகம் ஆகாத திருநீறு, கூடை மாறிப்போச்சு, அதைக் கொடுத்துவிட்டு அபிஷேகத் திருநீறு வாங்கிக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வது. பொய்தான். சாமி பேரில் பொய் சொல்லலாமா என்று கேட்டேன். "சாமி பேருல ஊரு எத்தனையோ சொல்லுது. நாம ஒரு சனத்தைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றோம்" என்றாள். பழைய காலண்டர் தாளைக் கிழித்துப் புதுப் பொட்டலம் மடித்துக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். ஏட்டய்யா யூனிபாரத்தோடு பிரசாதக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்ததை பஜார் வாயைப் பிளந்து பார்த்தது. கோயில் உண்டியல் உடைந்துவிட்டதா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

மாற்றிக் கொடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. அபிஷேகம் ஆகாததைப் பூசிவிட்டோமே, தோஷம் உண்டா என்று ஒரு வீட்டில் வழிமறித்துக் கேட்டார்கள். எருமைக்குக் காய்ச்சல் என்று தவிட்டில் கலந்து கொடுத்துவிட்டேனே என்றார் ஒருவர். எருமை தெளிவாகத்தான் இருந்தது. காகிதம் எங்கே என்றால், அதையும் சேர்த்துத்தான் தின்றது என்றார். சர்ச் பக்கத்து டீச்சரம்மா வீட்டிலும் ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டில் கொடுத்தது, தூக்கிப் போட மனசு வரவில்லை என்று அலமாரியில் வைத்திருந்தார். ஸ்தோத்திரம் சொல்லித் திருப்பித் தந்தார், மாற்று வேண்டாம் என்று கும்பிட்டார்.

மூடின பேக்டரிக்குக் கீழே, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கும் போனோம். அங்கே சிலோனில் இருந்து வந்த குடும்பங்கள் சில இருந்தன. இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிற ஒரு அம்மா, தலைவரின் குத்தகைத் தோட்டத்தில் இலை பறிக்கிறவள், ரேஷன் கார்டு காப்பி எடுக்க என் கடைக்கு வருவாள். பொட்டலத்தை முந்தானையில் முடிந்திருந்தாள். அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, "பூசுனத என்ன செய்யறதுங்க அய்யா? கழுவணுமா?" என்று கேட்டாள். இருக்கட்டும் அம்மா, முருகன் கணக்குப் பார்க்க மாட்டார் என்றேன். எங்கள் பின்னால் நின்ற ஏட்டய்யா சட்டென்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு பள்ளத்தைப் பார்த்தார். பள்ளத்தில் பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

இருட்டுவதற்குள் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது. வீட்டில் பாய் விரித்து எல்லாவற்றையும் பிரித்தோம். பாதி ஜாதிச் சான்றிதழ், கால் சிட்டா, யாரோ ஒருவர் தலை இல்லாமல் கழுத்துக்குக் கீழே மட்டும் விழுந்த போட்டோ. எங்களுக்கு வேண்டியது கரிப் பட்டை. எழுத்தைப் படிக்காமல் கரியை மட்டும் பார்த்துப் பொறுக்கினேன். ஏட்டய்யா ஒட்டுப்போட்டுப் பார்த்தார். எட்டில் ஏழு சேர்ந்தது. மேல் மூலை இல்லை. எருமை தின்றது அதுவாக இருக்கக் கூடாதா முருகா என்று வேண்டினேன். ஆனால் இன்னும் ஒரு பொட்டலம் திரும்பவில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். முதல் பொட்டலம், முதல் மரியாதைப் பொட்டலம். தலைவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மத்தியானமே ஊட்டிக்குப் போய்விட்டார் என்று அவர் வீட்டம்மா சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலை கடை திறந்தவுடன் முதல் ஆளாக அவரே வந்தார். அதே சட்டை. பையில் வெள்ளையாக ஒரு பொட்டலத்தின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. எதிரே ஸ்டேஷன் கேட்டில் ஏட்டய்யா டீ கிளாஸைப் பிடித்தபடி நின்றார். டீயைக் குடிக்கவில்லை.

தலைவர் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. அதையும் உரக்கவே படித்தார். புலன் விசாரணை நடக்கிறது, நகல் கொடுத்தால் விசாரணைக்கு இடையூறு, தகவல் கொடுத்தவரை அடையாளம் காட்டினால் அவருக்கு ஆபத்து, ஆகவே சட்டத்தில் இடமில்லை, வேண்டுமானால் மேல்முறையீடு செய்துகொள்ளலாம். "ஆபத்தாமே. நான் என்ன புலியா?" என்று சிரித்தார். வக்கீல் எழுதிக் கொடுத்த மேல்முறையீட்டை என் மேஜையில் வைத்தார். பூமியில் எந்த மூலையில் ஒளித்து வைத்தாலும் அந்தப் பேரை வாங்காமல் விடுவதில்லை என்றார். பேர் அவர் நெஞ்சுக்கு முக்கால் அங்குலத்தில் இருந்தது.

பிறகு, கையெழுத்துப் போடும் முன் திருநீறு பூசிக்கொள்கிறேன் என்று பைக்குள் விரலை விட்டார்.

எனக்கு அந்த நேரத்தில் என்ன தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "தலைவரே, முதல் மரியாதைப் பிரசாதத்தைத் தானா எடுத்துப் பூசக் கூடாதுங்க. இன்னொருத்தர் கையால பூசணும். அப்பத்தான் பலிக்கும்" என்றேன். இப்படி ஒரு சம்பிரதாயம் எந்த ஆகமத்திலும் இல்லை. மரியாதை என்ற வார்த்தை மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடி நெற்றியைக் காட்டினார்.

நெஞ்சோடு அணைத்துப் பிரித்தேன். கரிப் பட்டை. மேல் மூலை. பதினோரு வருஷம் காத்த பிரார்த்தனை அந்த ஒரு நிமிஷத்தில் போயிற்று, கண் தானாக எழுத்தில் விழுந்தது. லயத்து அம்மாவின் பேர். நேற்று முந்தானையை அவிழ்த்தவள்.

அவர் நெற்றியில் மூன்று பட்டைக்குப் பதிலாக ஐந்து விழுந்தது. அவர் கண்ணைத் திறந்து கையை நீட்டினார். பிரசாதக் காகிதம் கால்படக் கூடாது, கொடுங்கள், நான் அரச மரத்தடியில் போட்டுக்கொள்கிறேன் என்றார். அந்த விஷயத்தில் அவர் உண்மையான பக்திமான், அதையும் சொல்லத்தான் வேண்டும். நீட்டிய கைக்கும் என் கைக்கும் நடுவில் ஒரு ஜாண் இருந்தது. வேறு வழி தெரியவில்லை. மீதித் திருநீற்றைக் காகிதத்தோடு சேர்த்துச் சுருட்டி என் வாயில் போட்டுக்கொண்டேன்.

"என்னங்க, பேப்பரோடயா?"

பதில் சொல்ல முடியவில்லை. ஜெராக்ஸ் மை இப்படிக் கசக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இத்தனை வருஷம் ஊர் முழுக்க விற்ற மையை நானே ஒருநாள் தின்ன வேண்டும் என்று இருந்திருக்கிறது. மென்றேன். திருநீறு ஒட்டிக்கொண்டு காகிதம் களி மாதிரி உருண்டது. விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. தலைவர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார். உங்களை மாதிரி ஆள் கமிட்டியில் இருக்க வேண்டும் என்று தோளில் தட்டிவிட்டு, காப்பி எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் ஏட்டய்யா ரோட்டைத் தாண்டி வந்தார். நான் வயிற்றைக் காட்டினேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஆறிப்போன டீயை என்னிடம் நீட்டிவிட்டு, மேஜைமேல் கை ஊன்றிக்கொண்டு, சத்தம் வராமல் சிரிக்கத் தொடங்கினார். தொப்பை மட்டும் குலுங்கியது. கடைசியில் கண்ணைத் துடைத்தபோது சிரிப்பாகத் தெரியவில்லை.

மேல்முறையீட்டிலும் அதே பதில்தான் வந்தது. சில மாதத்தில் மோட்டார் மேட்டுப்பாளையத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடைத்தது. அது கிடைத்ததும் ஊரில் வாய்கள் திறந்தன. லாரி டிரைவர் சொன்னார், பேக்டரி வாட்ச்மேன் சொன்னார், சொல்லாதவர்களும் நானும் பார்த்தேன் என்றார்கள். தலைவரைக் கைது செய்தார்கள், லாரியைப் பிடித்து வைத்தார்கள், குத்தகைத் தோட்டங்களைச் சொந்தக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அவர் ஜாமீனில் வந்தார், குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனது.

அப்போதுதான் ஏட்டய்யா ஒரு கட்டு காகிதம் கொண்டுவந்து, எல்லாவற்றுக்கும் ஒரு செட் போடச் சொன்னார். யாருக்கு என்றேன். தலைவருக்கு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேஸ் கோர்ட்டுக்கு வந்துவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எல்லா வாக்குமூலத்துக்கும் நகல் கொடுத்தே ஆக வேண்டும், அதுதான் சட்டம் என்றார்.

அப்படியானால் நான் எதற்குத் தின்றேன் என்று கேட்டேன்.

"அன்னிக்கு அந்தம்மா ஒத்தை ஆளுங்க. இன்னிக்கு எட்டுப் பேருல ஒருத்தி. எட்டுப் பேரு மேலயும் கை வெக்க அவுருகிட்ட இப்ப தோட்டமும் இல்ல, லாரியும் இல்ல" என்றார்.

குப்புறப் போட்டு எடுத்தேன். லயத்து அம்மாவின் பக்கமும் அதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் திருப்பிப் பார்க்கவில்லை. ஏட்டய்யா பக்கத்தில் நின்று எண்ணினார். அன்றைக்கு ஒரு காப்பிகூடக் கெடவில்லை.

செட்டை வாங்கிய மறுநாள் தலைவர் கடைக்கு வந்தார். கமிட்டியில் இப்போது அவர் இல்லை, நாங்கள்தான் அதே பேரில் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். லயத்து அம்மா அப்போது கடையில் இருந்தாள், ரேஷன் கார்டுக் காப்பிக்காக. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள், ஆனால் நகரவில்லை. என் காப்பி வந்தபிறகுதான் போவேன் என்பது போல நின்றாள். அவர்தான் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். அவள் போனபிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாம் உங்க மெஷின்லதான போயிருக்குது. இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"எப்படிங்க தலைவரே சொல்லறது," என்றேன். "வாயில திருநீறு இருந்துதுங்களே."

அவருக்குப் புரியவில்லை. பெட்டிக்குள் பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அவர் கொண்டுவந்த காகிதத்தை வாங்கிக் குப்புறப் போட்டேன்.